ஷூ வாங்கி விற்கும் தொழிலுக்கு மகனிடம் பணம் கொடுக்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. கோயம்புத்தூரில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தால் பெரிய நிறுவனங்கள் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடும் ஷூக்களில் எட்டு ஜோடி வாங்கி, காலில் போடாமல் பெட்டியோடு வைத்திருந்து, இரண்டு ஆண்டுகளில் இரட்டிப்பு விலைக்கு விற்றுக் காட்டுகிறேன் என்கிறான். காலில் போடுகிற பொருள் தங்கம் போல ஏறுமா? இது உண்மையான தொழில்தானா? கொடுக்கலாமா, கூடாதா?

குன்னூரில் இருந்துகொண்டு எட்டு ஆண்டுகளாக இத்தகைய ஷூக்களை வாங்கி விற்று வருகிறேன். எங்கள் வீட்டிலும் சிறு தேயிலைத் தோட்டம் உண்டு என்பதால் உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. இது உண்மையான தொழில்தான், அம்மா. நாணயமாகச் செய்பவர்களும் அதைக் கொண்டு குடும்பம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாங்கிப் பூட்டி வைத்தால் விலை தானாக ஏறும் என்ற எண்ணம் தவறு. அதிலும் நம் மலையில் அது மிகவும் தவறு. ஷூவைத் தங்கத்தோடு ஒப்பிடாமல் பசுந்தேயிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பறித்த இலை அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். சாக்கில் அடைத்து வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். ஷூவுக்கும் அப்படி ஒரு கெடு உண்டு. அது சில மாதங்களாகவோ சில ஆண்டுகளாகவோ இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

விலை ஏன் ஏறுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1985-இல் நைக்கி நிறுவனம் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் பெயரில் முதல் ஏர் ஜோர்டனை 65 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. அவர் அணிந்த கறுப்பு-சிவப்பு ஷூ விதிக்குப் புறம்பானது என்று அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பான என்பிஏ எழுதிய கடிதத்தையே அந்த நிறுவனம் விளம்பரமாக்கிக்கொண்டது. ‘தடை செய்யப்பட்ட ஷூ’ என்ற கதை அப்படித்தான் பிறந்தது. ரப்பரும் தோலும் எல்லா ஷூவிலும் உண்டு. இந்தக் கதையோ இந்த ஒரு ஷூவுக்குத்தான் உண்டு. 2005 பிப்ரவரியில் நியூயார்க்கில் புறா படம் தைத்த, நைக்கியின் டங்க் மாடல் ஷூ ஒன்று ஏறத்தாழ 150 ஜோடி மட்டுமே வெளியானபோது, கடை வாசலில் நாள்கணக்கில் காத்திருந்த கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் காவல்துறை வரவேண்டியதாயிற்று. மறுநாள் அது செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்தது. அதுவரை சில பிள்ளைகளின் பித்தாக இருந்ததைப் பணம் பண்ணும் வழியாக ஊர் பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். 1998 இறுதிப் போட்டித் தொடரில் ஜோர்டன் அணிந்து ஆடிய ஒரு ஜோடி 2023-இல் சோத்பீஸ் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்குப் போனது உண்மை. உங்கள் மகன் அந்தச் செய்தியை உங்களிடம் காட்டியிருக்கக்கூடும். அது உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருள், ஒரு மனிதனின் வியர்வை பட்ட நினைவுச்சின்னம். தொழிற்சாலையில் பல்லாயிரம் ஜோடிகளாகத் தைக்கப்பட்டுப் பெட்டியில் வரும் ஷூவுக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவு ஏதுமில்லை.

அடுத்து, திரையில் தெரியும் விலை. நம் குன்னூர் தேயிலை ஏலம் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்: தரகர்கள் மாதிரியைச் சுவைத்து மதிப்பிடுகிறார்கள், வாங்குபவர்கள் விலை கேட்கிறார்கள், இருவரும் சந்திக்கும் இடத்தில் லாட் விற்கிறது, சந்திக்காவிட்டால் விற்காமல் திரும்புகிறது. 2016-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் தொடங்கப்பட்ட ஸ்டாக்எக்ஸ் தளம் ஷூவுக்கு இதையே செய்தது. ஒவ்வொரு மாடலுக்கும், அதில் ஒவ்வொரு அளவுக்கும், விற்பவர் கேட்கும் விலை ஒரு பக்கம், வாங்குபவர் தர ஆயத்தமாக இருக்கும் விலை மறுபக்கம். இளைஞர்கள் பெரும்பாலும் விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்துத்தான் கனவு காண்கிறார்கள். பார்க்க வேண்டியது கடைசியாக விற்ற விலையும், அந்த அளவில் மாதத்துக்கு எத்தனை ஜோடி கைமாறுகிறது என்பதும். ஒரே ஷூவில் எட்டாம் அளவு ஒரு வாரத்தில் போகும். பன்னிரண்டாம் அளவு நம் நாட்டில் ஆறு மாதம் ஆனாலும் அலமாரியிலேயே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு ஜோடியைக் கடை விலையான 17,000 ரூபாய்க்கு வாங்கி 22,000 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். மகன் 5,000 லாபம் என்பான். விற்றுத் தரும் தளத்துக்குப் பத்து சதவீதக் கமிஷன் 2,200, அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 396, மலையிலிருந்து பெட்டி நசுங்காதபடி இரட்டை அட்டையில் கட்டி அனுப்பும் கூரியர் செலவு 400. கைக்கு வருவது 19,004 ரூபாய். ஐயாயிரம் இரண்டாயிரத்து நான்காகிவிட்டது. எட்டு ஜோடியில் ஏழில் இந்த லாபம் கிடைத்து, எட்டாவது மட்டும் விலை இறங்கிப் போய், செலவெல்லாம் கழித்துக் கைக்கு 10,000 ரூபாயே தந்தால், ஏழு ஜோடியின் 14,028 ரூபாய் லாபத்தில் பாதி அந்த ஒன்றிலேயே கரைந்துவிடும். ஏல விலைக்கும் கையில் வந்து சேரும் இலை விலைக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு மாதமும் பார்க்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது புதிதல்ல.

விலை இறங்குமா என்று கேட்பீர்கள். சந்தைக்குச் சரக்கு வரும் மடை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அது எப்போது வேண்டுமானாலும் திறக்கும். நைக்கியின் டங்க் லோ கறுப்பு-வெள்ளை, பிள்ளைகள் ‘பாண்டா’ என்று அழைப்பது, 2021-இல் 100 டாலருக்கு வந்தபோது வெளிச்சந்தையில் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. அதைப் பார்த்துப் பலர் பத்து, இருபது ஜோடி என்று வாங்கி அடுக்கினார்கள். நிறுவனம் அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதே ஷூவைத் திரும்பத் திரும்ப வெளியிட்டது. விலை கடை விலைக்கே வந்து, பிறகு அதற்கும் கீழே போனது. முதல் ஏர் ஜோர்டனின் ‘சிகாகோ’ நிறமும் அப்படியே: 1985-இல் வந்தது, 1994-இலும் 2015-இலும் மறுபடியும் வந்தது, 2022 நவம்பரில் பழசாகிப் போனது போன்ற தோற்றத்தோடு 180 டாலருக்கு இன்னொரு முறையும் வந்தது. இசைக்கலைஞர் கான்யே வெஸ்ட்டோடு சேர்ந்து ஈஸி ஷூக்களைச் செய்துவந்த அடிடாஸ், 2022 அக்டோபரில் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. இனி வராது என்று நம்பி வாங்கி வைத்தவர்கள் இருந்தார்கள். கிடங்கில் மிஞ்சியதை அடிடாஸே 2023-இல் விற்பனைக்கு விட்டது. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது இயற்கையின் ஏற்பாடு. ஷூ அரிதாக இருப்பது ஒரு அலுவலகத்தில் எடுக்கப்படும் முடிவு. அந்த முடிவை நம்பி இரண்டு ஆண்டு காத்திருப்பது துணிவான காரியம் என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் லாபம் யாருக்கு? கடை விலைக்கே ஷூ கிடைக்கிறவருக்கு. இந்தத் தொழிலின் முழு இரகசியமும் அதுதான். அரிய ஷூ வெளியாகும் நாளில் பெரிய நகரக் கடைகள் குலுக்கல் நடத்துகின்றன. பெயர் விழுந்தால் வாங்கலாம். இணையத்தில் வெளியானால் பாட் என்னும் தானியங்கி நிரல்களை வைத்திருப்பவர்கள் நொடிக்கணக்கில் அள்ளிவிடுகிறார்கள். 2021-இல் நைக்கியின் துணைத் தலைவர் ஒருவர், தம் மகன் இந்த மறுவிற்பனையில் பெருந்தொகைக்கு வியாபாரம் செய்வது வெளியே தெரிந்ததும் பதவி விலகினார். முன்பணத் திட்டங்கள் அதைவிட மோசமானவை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வியாபாரி, 2021-இல் வரவிருந்த, ஏர் ஜோர்டன் வரிசையின் பதினோராம் மாடலான ஜோர்டன் 11-க்குக் கடை விலையைவிடக் குறைவாக முன்பணம் வாங்கி, 6 லட்சம் ஜோடிக்கு மேல் ஆர்டர் பிடித்தார். அவரால் வாங்க முடிந்தது 6,000 ஜோடிக்குச் சற்று மேல். வழக்கு 2022-இல் நீதிமன்றத்துக்கு வந்தது. யாராவது உங்கள் மகனிடம் ‘இப்போது பணம் கட்டு, கடை விலையைவிடக் குறைவாகத் தருகிறேன்’ என்று சொன்னால், ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

நம் நாட்டில் விலை கூடுதலாக இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. காலணி மீதான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 25 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக உயர்ந்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல் காலணிகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையும் நடைமுறைக்கு வந்ததால், ஷூ தைக்கும் வெளிநாட்டுத் தொழிற்சாலையும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் பெற்றாக வேண்டும். இதனால் சில மாடல்கள் இங்கே வருவதே அரிதாகி, வெளிநாட்டில் சாதாரணமாகக் கிடைப்பதற்கு இங்கே கூடுதல் விலை கிடைக்கிறது. இத்தனைக்கும் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாற்றில் தைவான் நிறுவனமான ஃபெங் டே நடத்தும் தொழிற்சாலைகளில் நம் ஊர்ப் பெண்கள் ஆண்டுக்கணக்காக நைக்கி ஷூ தைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஷூ பெட்டியைத் திறந்து காலர் மடிப்பில் ஓடும் தையலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்களின் நினைவு வராமல் இருப்பதில்லை.

இனி நம் மலைக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். இதை விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம், சமவெளியில் இருந்து இணையத்தில் அறிவுரை சொல்பவர்கள் இதை உணர்ந்து சொல்வதில்லை. 2012-இல் மறுபடியும் வெளியான ‘வெள்ளை சிமென்ட்’ நிற ஜோர்டன் 4 ஒரு ஜோடியை, ஒரு முறைகூட அணியாத நிலையில், 2018-இல் வாங்கினேன். என் கைக்கு வந்த முதல் பெரிய ஷூ அது. பெட்டியிலேயே வைத்து, பெட்டியை பாலித்தீன் பையில் கட்டி, மர அலமாரியில் வைத்தேன். 2022 கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழை பத்து நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, வாங்க வந்தவரிடம் காட்டுவதற்காக அதை எடுத்தேன். மேல்தோல் புதிதாக இருந்தது. குதிகாலின் ஓரத்தைக் கட்டை விரலால் மெல்ல அழுத்தினேன். புள்ளிகள் தெளித்த அந்தப் பகுதி, ஊட்டி வர்க்கியைக் கிள்ளியது போலப் பொரிந்து உதிர்ந்தது. உள்ளே இருந்த நுரை பழுப்பாகி, விரலில் பிசுபிசுவென ஒட்டிக்கொண்டது. வந்தவர் ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பெயர் நீராற்பகுப்பு. ஜோர்டன் 3, 4, 5, 6 போன்றவற்றின் நடு அடிப்பகுதி பாலியூரித்தேன் என்னும் நுரையால் ஆனது. காற்றில் இருக்கும் நீராவி அந்த நுரைக்குள் புகுந்து அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக அறுக்கிறது. பெட்டியைப் பிரிக்காததால் அது நிற்காது. அவ்வப்போது அணிந்து நடந்தால் நுரை அழுந்தி ஈரம் வெளியேறும் என்பதால், அணிந்த ஷூவே நெடுநாள் தாங்குகிறது என்று சேகரிப்பவர்கள் சொல்வார்கள். என் அனுபவமும் அதுவே. ஈரம் மிகுந்த இடத்தில் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளே அதற்கு ஆயுள். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வடகிழக்குப் பருவமழை, மழையில்லாத நாளில் மூடுபனி என்று இருக்கும் நம் ஊர்களில் இந்த வகை ஷூவை ‘முதலீடு’ என்று வாங்கி வைப்பது, பனியில் உப்பைத் திறந்து வைப்பது போன்றது. முதல் ஏர் ஜோர்டன், டங்க் ஆகியவற்றின் அடிப்பகுதி ரப்பர் கிண்ணம் போன்றது; அது இப்படி உதிராது. ஆனால் தோலில் பூஞ்சை பூக்கும்.

பூஞ்சையைத் தடுக்க நான் முதலில் செய்தது, என் அம்மா கம்பளித் துணி வைக்கும் அலமாரியில் செய்ததைத்தான்: உள்ளே ஒரு சிறிய பல்பை எரியவிட்டேன். துணிக்கு அது நல்லது. ஷூவுக்கோ, பல்புக்கு அருகில் இருந்த இரண்டு ஜோடிகளில் பசை விட்டுப்போய், கண்ணாடி போன்ற அடிப்பகுதி மஞ்சளாகிவிட்டது. இப்போது பெட்டிக்கு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், அலமாரிக்குள் ஈரப்பதம் காட்டும் சிறு கருவி, வெயில் வரும் நாளில் நிழலில் அரை மணி நேரம் காற்றாட வைப்பது, இவ்வளவே செய்கிறேன். எல்லாவற்றையும்விட நல்ல பாதுகாப்பு, மழைக்காலம் தொடங்குவதற்குள் விற்றுவிடுவது.

போலியைப் பற்றி. சீனாவின் புதியான் நகரம் போலி ஷூவுக்குப் பெயர் போனது. சமவெளி நகரங்களில் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று விற்பது ஒரு தரம். ‘ரெப்’ (ரெப்ளிகா) என்று தெரிந்தவர்களுக்குள் புழங்குவது அதைவிடப் பல மடங்கு நுணுக்கமானது. ஸ்டாக்எக்ஸ் போன்ற பெரிய தளமே சோதித்து அனுப்பிய ஷூக்களில் போலி இருந்ததாக நைக்கி வழக்குத் தொடுத்து, நீதிமன்றமும் 37 ஜோடிகள் விஷயத்தில் 2025-இல் அதை ஏற்றது. நான் பார்ப்பது இவற்றை: பெட்டியின் ஒட்டுத்தாளில் உள்ள மாடல் எண்ணும் ஷூவின் நாக்குக்கு உள்ளே இருக்கும் சீட்டின் எண்ணும் ஒன்றா, பின்பக்கத்தில் இருந்து பார்த்தால் முதல் ஜோர்டனின் குதிகால் இடையில் குறுகி மேலே விரிகிறதா, உள் அட்டையைத் தூக்கினால் அடியில் தையல் சீராக இருக்கிறதா, பசை நெடி மூக்கைக் குத்துகிறதா. தோடர் பூத்தையலில் அசலைக் கண்டுபிடிக்கத் துணியைத் திருப்பிப் பார்ப்போமே, அதுபோல ஷூவுக்கும் உட்புறம்தான் சாட்சி. இதை ஐம்பது அசல் ஜோடிகளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் கண் கற்றுக்கொள்கிறது. காணொளி பார்த்து வராது. உங்கள் மகன் இதுவரை எத்தனை ஜோடியைத் தொட்டுப் பார்த்திருக்கிறான் என்று கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் காலணிக்கு இடம் வாசற்படிக்கு வெளியே. அதைக் கட்டிலுக்கு அடியிலும் கண்ணாடி அலமாரியிலும் மகன் வைப்பது உங்களுக்கு வேதனையாக இருந்திருக்கும். என் பாட்டி, மண் படாத ஷூவாக இருந்தாலும் செருப்பு செருப்புதான் என்று சொல்லி, சாமி அறைச் சுவரை ஒட்டிய என் அலமாரியை இடம் மாற்றச் செய்தார். மாற்றினேன், அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளின் ஆசையையும் நான் மதிக்கிறேன். உதகையிலும் கொடைக்கானலிலும் விடுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் ஒரே சீருடைதான் அணிகிறார்கள். விடுமுறை நாளில் கடைவீதிக்கு வரும்போது தான் யார் என்று சொல்வதற்கு அவர்களிடம் இருப்பது காலில் இருக்கும் ஷூதான். என்னிடம் வாங்குபவர்களில் பாதிப் பேர் அவர்களும், அப்படிப் படித்து வேலைக்குப் போனவர்களுமே. ஒரு தோட்டத் தொழிலாளியின் மகன், முதல் சம்பளத்தைச் சேர்த்து வைத்து, பாண்டா விலை இறங்கிய பிறகு என்னிடம் ஒரு ஜோடி வாங்கி, அங்கேயே போட்டுக்கொண்டு நடந்து போனான். இந்தத் தொழிலில் விலையைத் தாங்கி நிற்பவர்கள் அவனைப் போன்றவர்கள். விற்பதற்காகவே வாங்குபவர்கள் மட்டும் மிஞ்சும் மாடல் சில மாதங்களில் சரிந்துவிடும்.

ஆகவே ஒன்றரை லட்சம் கொடுக்க வேண்டாம். அடியோடு மறுக்கவும் வேண்டாம். ஒரு ஜோடிக்கான பணத்தைக் கொடுங்கள். கடை விலைக்கு மேல் வாங்கக் கூடாது, அவன் அளவை விட்டு வேகமாக விற்கும் அளவில் வாங்க வேண்டும், நான்கு மாதத்தில் விற்றாக வேண்டும் என்று மூன்று நிபந்தனை வையுங்கள். விற்ற பணத்தில்தான் அடுத்த ஜோடி. வரவு செலவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், கூரியர் கட்டணம் உட்பட. மும்பைக்கோ பெங்களூருக்கோ தொழிலாக விற்கத் தொடங்கினால், மாநிலம் தாண்டிய விற்பனை என்பதால் ஜிஎஸ்டி பதிவு வேண்டியிருக்கும். அதற்கு முன் ஒரு கணக்கரைப் பார்த்துவிடட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கூரியர் நின்றுவிடும் என்பதால், அந்த மாதங்களில் நாள் குறித்து வாக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

தம்பி முதல் ஜோடியை வாங்கியதும் குன்னூருக்குக் கொண்டு வரட்டும், உட்புறத்தைப் பிரித்து அவனுக்கு நான் காட்டித் தருகிறேன். கடை ரசீதையும் மறக்காமல் கொண்டு வரச் சொல்லுங்கள். அந்த வழவழப்பான தாளில் அச்சான எழுத்து நம் ஊர் ஈரத்தில் ஓராண்டுக்குள் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றைக்கே ஒரு நகல் எடுத்துப் பெட்டிக்கு வெளியே தனியாக வைக்க வேண்டும்.